மந்திரவாதி மூவரும் தோட்டத்து மூவரும்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையின்போது சிரம்பானில் என் மகள் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை, என் பேரனும் அவனுடைய நண்பர் நால்வரும் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து பல முகங்கள் கொண்ட பகடைகளை உருட்டிக்கொண்டிருந்தனர். சதுரங்கம் போன்ற பலகையோ காய்களோ இல்லை. பேச்சே விளையாட்டாக இருந்தது. ஒருவன் கதை சொல்ல, மற்றவர் அக்கதைக்குள் தத்தம் வேடத்தை ஏற்றுப் பேசினர். சற்று நேரத்தில் வழக்கு ஒன்று மூண்டது. "ரெண்டு பேருமே நெருப்பத்தானே வீசுறாங்க? பெறகு எதுக்கு ரெண்டு பேரு?" என்று ஒருவன் கேட்டான். "தாத்தா தமிழ் வாத்தியார்தானே, அவர்கிட்டயே கேளுங்கடா" என்று பேரன் என்னை இழுத்துவிட்டான்.

கேட்ட மாணவன் விளையாட்டாகக் கேட்டானோ என்னவோ, எனக்கு அக்கேள்வி திறனாய்வின் அடிப்படைக் கேள்வியாகவே பட்டது. ஒத்த செயலைச் செய்யும் இரு பாத்திரங்களை எதைக் கொண்டு வேறுபடுத்துவது? நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் பாத்திரப் படைப்பு பற்றிப் பாடம் நடத்தியவன் நான். இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. மறுநாள் அவர்களுடைய விதிநூலை வாங்கிப் படிக்கத் தொடங்கினேன்.

இவ்விளையாட்டை அறியாத ஆசிரியர்களுக்காகச் சில சொற்கள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பெயருடைய இது, அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவரால் ஆக்கப்பெற்று 1974இல் வெளிவந்தது. அரக்கர், நாகம், மாயக்கோட்டை என அம்புலிமாமாக் கதையுலகம் போன்றதொரு கற்பனை நாட்டில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வேடம் ஏற்பர். அவ்வேடத்திற்கு வகுப்பு உண்டு. முதல் நூலில் இருந்தவை மூன்றே வகுப்புகள்: போர்வீரன், மந்திரவாதி, சமயத்தொண்டன். அடுத்த ஆண்டே திருடன் சேர்ந்தான். காடு காக்கும் 'ரேஞ்சர்' வந்தான், அறப்போர் புரியும் 'பாலடின்' வந்தான், பாடிப் பரிசில் பெறும் 'பார்ட்' என்பவனும் வந்தான். (நம் நாடக மேடையின் ராஜபார்ட்டுக்கும் இவனுக்கும் உறவில்லை; ஒலி ஒற்றுமைதான்.) வகுப்புகள் பெருகப் பெருக ஒன்றோடொன்று நெருங்கின. நெருங்கவே, முன்சொன்ன வழக்கும் பிறந்தது.

மந்திரவாதியையே எடுத்துக்கொள்வோம். இன்று அவ்விளையாட்டில் மந்திரவாதியர் மூவர். 'விசார்ட்' என்பவன் ஏடு படித்து மந்திரம் கற்றவன். நாள்தோறும் தன் சுவடியைப் புரட்டி, அன்றைக்கு வேண்டிய மந்திரங்களை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். 'சோர்சரர்' என்பவனுக்கு ஏடும் இல்லை, ஆசானும் இல்லை. மந்திரம் அவன் குருதியில் ஓடுகிறது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் தோன்றியவன் இவன். 'வார்லாக்' 2004இல் ஒரு துணைநூல் வழியே வந்தவன். இவன் கற்றவனும் அல்லன், பிறவியிலேயே பெற்றவனும் அல்லன். தன்னினும் பெரிய ஒரு சக்தியோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அதனிடமிருந்து ஆற்றலை வாங்கி வந்தவன்.

இங்கே ஒரு செய்தி என்னைக் கவர்ந்தது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் விசார்டுக்கும் சோர்சரருக்கும் தனித்தனி மந்திரப் பட்டியல் இல்லை. இருவருக்கும் ஒரே பட்டியல்தான். நெருப்பு உருண்டை இவனுக்கும் உண்டு, அவனுக்கும் உண்டு. ஆக, செயலை வைத்துப் பார்த்தால் இருவரும் ஒருவரே. அந்த மாணவன் கேட்டது நியாயம். ஆயினும் மேசையில் அமர்ந்து இருவேடங்களையும் ஆடியவர் எவரும் இருவரையும் ஒன்றென்று சொல்லார். ஏட்டைத் தொலைத்த விசார்ட் ஏழையாகிவிடுகிறான்; சோர்சரரிடமிருந்து எவரும் எதையும் திருட முடியாது. வார்லாக்கின் நிலையோ வேறு. அவனுடைய ஆற்றலுக்குப் பின்னால் ஒரு முதலாளி இருக்கிறான். அம்முதலாளி என்றைக்கு, எதைக் கேட்பான் என்பதே அவன் கதை முழுவதும்.

'என்ன செய்கிறான்' என்ற கேள்வியைவிட, 'ஆற்றலை எங்கிருந்து பெற்றான், அதற்கு யாருக்குக் கடன்பட்டான், எதை இழந்தால் அவன் வெறுமையாவான்' என்னும் கேள்விகளே பாத்திரத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. பழைய விதிநூல்கள் இதை நன்கு உணர்ந்திருந்தன என்றே தோன்றுகிறது. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் பாலடின் தன் வருவாயில் பத்தில் ஒரு பங்கை ஈந்துவிட வேண்டும்; அறிந்தே ஒரு கொடுஞ்செயல் புரிந்தால் பாலடின் என்னும் நிலையையே என்றென்றைக்கும் இழப்பான். ரேஞ்சர் தன்னாலும் தன் குதிரையாலும் சுமக்க இயன்றதற்கு மேல் பொருள் வைத்திருக்கக் கூடாது. வாள் வீச்சில் இருவரும் போர்வீரனுக்கு அண்மையானவர்களே. இந்தத் தடைகளே அவர்களுக்கு முகம் தந்தன. பிந்தைய பதிப்புகள், ஆடுவோர்க்கு இடையூறு என்றெண்ணி இத்தகைய தடைகளை ஒவ்வொன்றாகக் களைந்தன. 2008ஆம் ஆண்டுப் பதிப்பு, தாங்குபவன், தாக்குபவன், துணை நிற்பவன், களத்தை ஆள்பவன் எனச் செய்தொழில் நோக்கி வேடங்களை நான்காகப் பகுத்தது. ஆற்றலின் ஊற்று எது என்று அதிலும் எழுதியிருந்தார்கள்; ஆனால் எல்லா வகுப்புகளும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தன. வேடங்களெல்லாம் ஒன்றுபோல் ஆகிவிட்டன என்ற மனக்குறை ஆடுவோரிடையே பரவலாக எழுந்ததில் வியப்பில்லை.

இனி நம் பக்கம் வருவோம். வேடங்களைப் பகுப்பதில் தமிழர் பிந்தியவர் அல்லர். தொல்காப்பியர் புறத்திணையியலில் ஆற்றுப்படைக்கு உரியோராகக் கூத்தர், பாணர், பொருநர், விறலி என்போரைச் சொல்கிறார். நால்வரும் ஊர் ஊராகச் சென்று, கலை காட்டி, வள்ளலிடம் பரிசில் பெறுவோரே. மாணவர்க்கு இவர்கள் ஒரே கூட்டமாகத்தான் தோன்றுகின்றனர். தேர்வில் 'பாணர் என்றால் பாடுபவர், பொருநர் என்றாலும் பாடுபவர்' என்று எழுதியவரை நானே திருத்தியிருக்கிறேன். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை என்றும் பெரும்பாணாற்றுப்படை என்றும் இரண்டு இருப்பது, பாட்டின் அடியளவால் மட்டும் வந்ததன்று. சீறியாழ் ஏந்தியவன் சிறுபாணன், பேரியாழ் ஏந்தியவன் பெரும்பாணன் என்பர். கையிலுள்ள கருவியே குலத்தைச் சொல்லிவிடுகிறது. பொருநரை நச்சினார்க்கினியர் ஏர்க்களம் பாடுவோர், போர்க்களம் பாடுவோர், பரணி பாடுவோர் என வகைப்படுத்துவார். பாடுவது பொதுத்தொழில், எந்தக் களத்தில் நின்று பாடுகிறான் என்பதே வேற்றுமை. நெல் குவிந்த களத்தில் பாடுபவன் உழவனுக்குக் கடன்பட்டவன். பிணம் குவிந்த களத்தில் பாடுபவன் வேந்தனுக்குக் கடன்பட்டவன். இவ்வளவு நுட்பமான பகுப்பை இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய பாட்டுமரபு நமக்கு விட்டுச் சென்றிருக்க, நம் சிறுகதைகளில் நாம் எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அவ்வாறு கட்டியவர்களில் நானும் ஒருவன்.

1978இல் நான் எழுதிய சிறுகதை ஒன்றில், பால்மரக் காட்டில் ஒரு பெண்ணைக் கொடுமைப்படுத்தும் கங்காணி ஒருவன் வருவான். முறுக்கிய மீசை, கையில் பிரம்பு, தோளில் துண்டு. எங்கள் குடும்பம் லிங்கி வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் மூன்று தலைமுறை உழைத்த குடும்பம். என் தாத்தா வெட்டுக்காட்டில் ஆட்களை மேற்பார்த்தவர். அவருடைய மீசையையும் பிரம்பையும்தான் அந்தப் பாத்திரத்துக்கு நான் கடன் வாங்கினேன். கதை அச்சான இதழைத் தம்பி பாட்டிக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது பாட்டி வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "ஒங்க தாத்தா கங்காணி இல்லேய்யா. மண்டோரு. கங்காணியா இருந்திருந்தா நம்ம வீட்டுல நாலு நகையாவது இருந்திருக்கும்."

அன்று அதை ஒரு கிழவியின் குறையாகவே எடுத்துக்கொண்டேன். அது ஒரு திறனாய்வு என்பது பிந்தித்தான் விளங்கிற்று.

கங்காணி யார்? 'கண்காணி' என்னும் சொல் சோழர் கல்வெட்டுகளிலேயே உண்டு. மலாயாவில் அச்சொல் வேறொரு பொருளைத் தாங்கியது. தோட்டத்துரை ஒருவனுக்கு உரிமத்தாள் வாங்கித் தருவார். அவன் தமிழ்நாட்டில் தன் சொந்த ஊருக்குப் போய், தன் உறவினரையும் சாதியினரையும் அண்டை அயலாரையும் திரட்டிக் கப்பலேற்றி அழைத்து வருவான். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தபின் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவற்றுள் தலையாயது இந்தக் கங்காணி முறையே. 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி கப்பற்செலவை ஏற்றது. கங்காணிக்குத் தான் கொணர்ந்த தலைக்கு இத்தனை என்று தரகு கிடைத்தது. தன் ஆட்களில் நாள்தோறும் வேலைக்கு வந்தவர் எண்ணிக்கைப்படி தலைக்காசும் கிடைத்தது. ஆகவே ஆட்கள் காய்ச்சலில் படுத்தால் அவன் வருவாயும் படுத்தது. ஓர் இரவில் அவர்கள் வேறு தோட்டத்துக்கு ஓடிப்போனால் அவனும் ஒன்றுமில்லாதவன் ஆனான். துரைக்கு அவன் ஆள்பிடிப்பவன். ஆட்களுக்கு அவன் மாமன், பெரியப்பன், கடன் கொடுத்தவன், ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் பற்றி விசாரிப்பவன், திருமணத்தில் தாலி எடுத்துக் கொடுப்பவன். அவன் கொடுமை செய்தபோதும் அது உறவினன் செய்த கொடுமை. அதனாலேயே அது ஆழமாகப் புண்படுத்தியது. அவனுடைய ஆற்றல் ஊரிலும் குருதியிலும் ஊறியது. இளைஞர் விளையாட்டின் மொழியில் சொன்னால் அவன் சோர்சரருக்கு அண்மையானவன். ஆனால் அவனிடமிருந்து திருடவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. ஒப்புமை இங்கே முழுமையாகப் பொருந்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மண்டோர் வேறு. போர்த்துக்கீசிய மூலத்திலிருந்து மலாய்மொழி வழியே நம் வாய்க்கு வந்த சொல் அது. பால்வெட்டிகளுள் ஒருவனாகவே இருந்தவனைத் துரை விரல் சுட்டி அழைத்து மண்டோராக்குவார். அவன் எவரையும் கப்பலேற்றி வந்தவனல்லன். அதே லயத்தில் குடியிருந்து, அதே குழாயில் தண்ணீர் பிடித்து, விடியுமுன் பெரட்டில் மற்றவர்க்கு எதிரே நிற்பான். நிரை நிரையாக நடந்து, உளி பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் பண்ணியிருக்கிறதா, மங்கு கவிழ்ந்து கிடக்கிறதா, ஒட்டுப்பால் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. காயம் மிகுந்தால் துரை முதலில் கேட்பது அவனைத்தான். அவனுக்கு மேலே உள்ளவர் கையை விலக்கிக்கொண்டால், மறுநாளே வாளி தூக்க வேண்டியவன். அவன் பிரம்பு அவனுடையதன்று, இரவல். என் தாத்தா வீட்டில் சத்தமாகப் பேசியே நான் கேட்டதில்லை. காட்டில் மட்டும் சத்தம் போடுவார் என்று பிறர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த இரண்டு குரலுக்கும் இடையிலுள்ள மனிதனைத்தான் என் கதையில் நான் தவறவிட்டேன். உடன்படிக்கை செய்துகொண்ட அந்த மூன்றாம் மந்திரவாதியைப் பற்றிப் படித்தபோது, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பாட்டி மடித்த வெற்றிலை நினைவுக்கு வந்தது.

கிராணியைப் பற்றி அதிகம் விரிக்கத் தேவையில்லை. அவன் ஏட்டு மந்திரவாதி. யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் ஆங்கிலம் கற்று வந்தோர் பலர் அந்நாற்காலியில் அமர்ந்தனர். செக்ரோலில் ஒரு பெயருக்கு நேரே அவன் இடும் குறியே ஒருவனுக்கு முழுநாளா அரைநாளா என்பதைத் தீர்மானித்தது. அவன் காட்டுக்குள் வரவே வேண்டியதில்லை, பிரம்பும் வேண்டியதில்லை. தொழிலாளியின் மகன் எழுத்துக் கற்ற நாளில் அவனுடைய மந்திரத்தில் பாதி கரைந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் இக்கோணத்தையும் எண்ணிப் பார்க்கலாம்.

'ஆற்றலின் ஊற்று எது' என்ற கேள்வி நெகிரி செம்பிலான் மண்ணுக்குப் புதியதன்று. நம் அண்டை வீட்டாரான மலாய் மக்களின் அடாட் பெர்பாத்தே மரபில், குடிமக்கள் புவாபாக்கைத் தேர்வர். புவாபாக்குகள் லெம்பாகாவைத் தேர்வர். லெம்பாகாக்கள் உண்டாங்கைத் தேர்வர். சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜோகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் உண்டாங்குகள் யாங் டிபெர்துவான் பெசாரைத் தேர்வர். அதிகாரம் கீழிருந்து மேலே ஏறுகிறது. அதே மாநிலத்தில், ஒரு வேலிக்கு அப்பால், லாபுவிலும் ரந்தாவிலும் பகாவிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்களில் அதிகாரம் துரையின் பங்களாவிலிருந்து கீழே வழிந்தது. இவ்விரு ஒழுங்குகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்த நிலத்தில் பிறந்த எழுத்தாளர்கள் நாம். நம் கதைகளில் இந்த வேறுபாடு இன்னும் இடம்பெறவில்லை என்பது என் வருத்தம்.

இனிக் கால உணர்வு பற்றி. பயிற்சியற்ற தொழிலாளரை உதவித்தொகையில் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938 சூன் மாதத்தில் தடைசெய்தது. அதோடு ஆள்பிடிக்கும் கங்காணியின் ஊற்று வறண்டது. பெயர் மட்டும் வழக்கில் நீடித்தது. மரியாதைக்காக 'கங்காணி' என்றழைக்கப்பட்டவர்கள் பின்னரும் இருந்தனர். எனவே 1950களில் நிகழும் கதையில் ஒருவன் ஊருக்குப் போய் ஆள் திரட்டி வந்தால் அது பிழை. 1920களில் நிகழும் கதையில் கங்காணி துரையின் ஒரு சொல்லுக்கு நடுங்கும் கூலிக்காரனாக மட்டும் வந்தால் அதுவும் பாதிப் பிழை. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிறுகதைப் போட்டி ஒன்றுக்கு நடுவராக இருந்தேன். தோட்டக் கதைகளாக வந்தவற்றுள் பெரும்பாலானவற்றில் கங்காணி, மண்டோர், கிராணி ஆகிய பெயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டாலும் ஒரு வரியும் கெடாது. மீசையும் பிரம்பும் போதுமென்று பிள்ளைகள் எண்ணிவிட்டனர். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். மாதிரிக் கதையைக் கொடுத்தவர்கள் நாங்கள்.

புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய 'துன்பக்கேணி'யை வகுப்பில் வைப்போர், அது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை என்று சொல்வதோடு நின்றுவிடாமல், அக்கதை தமிழ்நாட்டுச் சிற்றூரிலேயே தொடங்குவது ஏன் என்று மாணவரைக் கேட்க வேண்டும். கங்காணி முறையின் வேர் அங்கேதான் இருக்கிறது. தோட்டத்தில் மட்டும் தொடங்கும் கதைக்குக் கங்காணி புரிவதில்லை. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலையும் இந்தக் கேள்வியோடு ஒருமுறை படித்துப் பார்க்கலாம்: அதில் அதிகாரம் உடைய ஒவ்வொருவரும் அதை யாரிடமிருந்து பெற்றனர்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். நண்பர் ஒருவர், அவரும் தோட்டத்தில் பிறந்தவர், இக்கருத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அடி வாங்குனவனுக்கு எல்லாப் பிரம்பும் ஒண்ணுதான் சார். கங்காணி பிரம்பு, மண்டோர் பிரம்புன்னு முதுகு பிரிச்சுப் பாக்குமா?" முதுகு பிரித்துப் பார்க்காது என்பது உண்மை. ஆனால் அடிவாங்கியவன் அன்றிரவு என்ன செய்தான் என்று பாருங்கள். கங்காணியிடம் அடிபட்டவன், ஊரில் அவனுடைய அண்ணனுக்குச் சொல்லியனுப்ப முடிந்தது; அல்லது கூட்டமாக ஓடிப்போக முடிந்தது. மண்டோரிடம் அடிபட்டவன், அவனைத் தாண்டித் துரையிடமோ, பின்னாளில் தொழிற்சங்கத்திடமோ முறையிட முடிந்தது. கிராணி குறைத்த நாளுக்கு அடித்த தழும்பே இல்லை. அதற்கு எதிராக என்ன செய்வதென்றே பலருக்குத் தெரியவில்லை. பகைவன் எவ்வகையினன் என்பதை அறிந்தே எதிர்ப்பும் வகைப்பட்டது. நம் முன்னோர் அந்த வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். ஆகவேதான் மூன்று பெயர் வைத்திருந்தனர். என் நண்பர் இதை முழுதும் ஒப்பவில்லை. நாங்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

பேரனின் நண்பனுக்கு விடை சொல்லியாயிற்று. அவன் தலையாட்டிவிட்டு மறுபடியும் பகடையை உருட்டப் போய்விட்டான். நான் வீடு திரும்பி, பழைய இதழ்க் கட்டிலிருந்து அந்த 1978ஆம் ஆண்டுக் கதையை எடுத்தேன். 'கங்காணி' என்று வரும் இடங்களிலெல்லாம் அடித்துவிட்டு 'மண்டோர்' என்று எழுதிக்கொண்டே வந்தேன். முதல் இரண்டு பக்கங்கள் தடையின்றிச் சென்றன. மூன்றாம் பக்கத்தில் அவன் அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஒன்னையும் ஒங்கப்பனையும் கப்பல்ல ஏத்திக் கூட்டியாந்தவன் நான்" என்று கர்ச்சிக்கிறான். என் தாத்தாவால் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க முடியாது. அவருக்குப் பதிலாக என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். பேனா அங்கேயே நிற்கிறது.